மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை

காரியாபட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் ஆவியூர் வரும். அதன் பக்கத்தில் இருக்கும் குரண்டியை இன்று வெளியூர்க்காரர்கள் யாரும் தேடி வருவதில்லை. கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டின் பெயர்பெற்ற சமணப் பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. திருக்காட்டாம்பள்ளி என்று பெயர். கட்டடம் போய்விட்டது. அப்படி ஒன்று இருந்ததை நமக்குச் சொல்பவை பிற ஊர்களில் உள்ள கல்வெட்டுகள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணமலையில், பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும், குரண்டித் துறவிகளின் மாணாக்கர் செய்வித்த திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் அந்த ஊரின் பெயர் வருகிறது. தெற்கே கழுகுமலையிலும் வருகிறது. திருச்சுழிக்கு அருகே குண்டாற்றின் கரையில் உள்ள பள்ளிமடத்துச் சிவன் கோயில் கற்களிலும் திருக்காட்டாம்பள்ளியைப் பற்றிய செய்தி இருக்கிறது.

சமணத் துறவிகள் வாகனம் ஏறுவதில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி, மற்ற மாதங்களில் ஊர் ஊராக நடப்பது அவர்கள் நெறி. ஆகவே இந்தக் கல்வெட்டுகளை வரைபடத்தில் குறித்துக் கோடு இழுத்தால் நடைவழிகளின் பின்னல் ஒன்று கிடைக்கும். குரண்டியிலிருந்து சமணமலை ஒரு நாள் நடை, கழுகுமலை மூன்று நான்கு நாள் நடை. இடையில் தண்ணீர் கிடைத்திருக்கவேண்டும், பிச்சை போட ஊர்கள் இருந்திருக்கவேண்டும், ஆற்றைக் கடக்கத் துறை இருந்திருக்கவேண்டும். ஊர்களையும் மலைகளையும் இணைக்கும் வட்டார நடைபாதை என்று இன்று திட்ட அறிக்கைகளில் எழுதப்படுவது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

அப்படி ஒரு பின்னலை இன்று மீட்க முடியுமா? முடியும் என்பதே என் எண்ணம். அதற்குப் புதிய பாதை போடவேண்டியதும் இல்லை. இருப்பவற்றை அடையாளம் கண்டு, பதிவேட்டில் காப்பாற்றி, ஒன்றோடொன்று கோத்தால் போதும். கோப்பதற்குத் தென்மாவட்டங்களில் குண்டாற்றைவிடப் பொருத்தமான நூல் கிடைக்காது.

குண்டாறு வருசநாட்டு மலையின் கிழக்குச் சரிவில், சாப்டூர்ப் பக்கம் பிறக்கிறது. திருமங்கலத்தைத் தொட்டு, காரியாபட்டி வட்டாரத்தைக் கடந்து, திருச்சுழி, கமுதி, கடலாடி வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. பருவமழைக்குப் பிந்தைய சில வாரங்கள் தவிர மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் இரு முனைகளையும் பாருங்கள். மேல்முனையில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். அதற்குள் அடங்குவது 1988இல் அமைந்த சாம்பல்நிற மலை அணில் சரணாலயம். கீழ்முனையில் 1986இன் கடல்வாழ் தேசியப் பூங்காவும் 1989இன் உயிர்க்கோளக் காப்பகமும் சேர்ந்த மன்னார் வளைகுடா. அங்கே போய்ச் சேருவதற்குள் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் எனப் பறவைக் கண்மாய்கள். முதல் இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறின. யானை நடக்கும் காட்டையும் கூழைக்கடா இறங்கும் கண்மாயையும் ஒரே ஆற்றின் படுகை இணைக்கிறது. இரு முனைகளுக்கும் சட்டக் காவல் உண்டு. நடுவில் இருக்கும் காரியாபட்டி, திருச்சுழி வட்டங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. இங்கே இருப்பவை கரிசலும் செவலும், மல்லிகைத் தோட்டமும், சீமைக்கருவேலம் அடைத்த ஓடைகளும், பட்டாசு ஆலைகளும், கல்குவாரிகளும்தான். நடைவழி அறுந்துபோனதும் இந்த இடத்தில்தான்.

முதலில் மேல்முனையைப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தில் மக்கள் உண்மையிலேயே பெருந்திரளாக நடக்கும் காட்டுப்பாதை சதுரகிரிதான். வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறையில் வனத்துறைச் சோதனைச் சாவடி. பையைத் திறந்து நெகிழிப் பொருள்களை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அங்கிருந்து கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் ஏற்றம். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவலூற்று, பச்சரிசிப் பாறை, பெரிய பசுக்கிடை, பிலாவடிக் கருப்பு என்று வழியெல்லாம் நிறுத்தங்கள். கடைசியில் சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் சன்னிதிகள். இந்த நிறுத்தங்களின் பெயர்களை அடுக்கியதற்குக் காரணம் உண்டு. ஒன்று ஊற்று, ஒன்று மாடு அடைந்த கிடை, ஒன்று வழுக்கும் பாறை பற்றிய எச்சரிக்கை, ஒன்று காவல் தெய்வம். எங்கே குடிக்கலாம், எங்கே இளைப்பாறலாம், எங்கே கவனமாகக் கால் வைக்கவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வழிகாட்டிப் பலகை நடுவதற்கு முன்னால் எந்தப் பொறியாளரும் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

இந்த மலைக்கு இன்னும் வழிகள் உண்டு. மதுரை மாவட்டத்தில் சாப்டூர்ப் பக்கமிருந்து ஒன்று, தேனி மாவட்டத்தில் வருசநாட்டு உப்புத்துறையிலிருந்து ஒன்று. மூன்று மாவட்டத்து மக்களும் ஒரே உச்சியில் கூடுகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் லட்சக்கணக்கில் போகும். அதனாலேயே ஆபத்தும் அதிகம். 2015 மே மாதம் திடீர் மழையில் ஓடை பெருகிப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகளுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் எட்டு நாள் மட்டுமே அனுமதி என்று இருந்தது. மழைக் குறி தெரிந்தாலும், காட்டில் தீப் பிடித்தாலும் அந்த நாள்களும் ரத்தாகும். பக்தர்களுக்கு இதில் வருத்தம் இருந்தது. ஆனால் வனவிலங்குக்கும் மனிதனுக்கும் ஒரே பாதையை நாள் பிரித்துக் கொடுப்பது ஒரு நிர்வாகத் தந்திரமாக மோசமானதல்ல. சுமை தூக்கிப் பிழைப்பவர்களுக்கும் அடிவாரக் கடைக்காரர்களுக்கும் ஏற்பட்ட வருமான இழப்பை யாரும் கணக்கில் எடுக்காததே அதன் குறை.

அடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு என வரிசையாக. தேன், நெல்லி, ஈஞ்சு, மூலிகை என்று காட்டுக்குள் நடந்தே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தடங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூக உரிமையை ஏற்கிறது. அந்த உரிமையின் எல்லையை வரையும்போதே தடங்களையும் வரைந்துவிட வாய்ப்பு உண்டு. வெளியாருக்கு எந்தத் தடத்தைத் திறப்பது, எதை மூடியே வைப்பது என்று தீர்மானிப்பதிலும் முதல் சொல் அவர்களுடையதாக இருக்கவேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பழங்குடி இளைஞர்களுக்கு வேலை கிடைத்ததும் நல்லதே. ஆனால் அந்த 40 வழிகளும் தனித்தனித் துண்டுகள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ காரில் வந்து இறங்கி, நடந்துவிட்டுக் காரில் திரும்புகிறார்கள். வனத்துறையின் அதிகாரம் காட்டு எல்லைக் கல்லோடு முடிந்துவிடுவதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனாலும் அடிவாரத்து மாந்தோப்புக்காரருக்கு, அதாவது யானை நுழைந்தால் முதலில் நஷ்டப்படுகிறவருக்கு, அந்த நடையால் ஒரு ரூபாய் வருவதில்லை.

ஊரும் காடும் ஒரே நடையில் சேரும் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி தமிழர்களிடமே இருக்கிறது. இலங்கையின் கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கிளம்புகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோடு 500 கிலோமீட்டருக்கும் மேல் நடக்கிறார்கள். ஊருக்கு ஊர் கோயில் தங்கல், ஊரார் சாப்பாடு. உகந்தை முருகன் கோயிலோடு ஊர் முடிந்து காடு தொடங்கும். அங்கே குமண தேசியப் பூங்காவின் வாயில். ஆண்டுதோறும் அதிகாரிகளும் வனசீவராசிகள் திணைக்களமும் கூடிப் பேசி, கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டி இரண்டு வாரம் போலக் காட்டுப்பாதையைத் திறக்கிறார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யால. நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நான்கைந்து நாள் யானையும் சிறுத்தையும் உள்ள காட்டில் குழுக்குழுவாக நடை. தண்ணீர் வண்டியில் வருகிறது. விழா முடிந்ததும் வாயில் மூடப்பட்டு, காடு மறுபடி காடாகிறது.

இதில் மூன்று செய்திகள் நமக்கு வேண்டும். தேசியப் பூங்காவின் சட்டம் தளர்த்தப்படவில்லை. காலம் குறித்த அனுமதியாக மரபுக்கு இடம் கொடுக்கப்பட்டது. காட்டுக்குள் போகும் ஐந்து நாளுக்காக ஊர்களின் வழியே வாரக்கணக்கில் நடக்கிறார்கள்; கவனம் முழுவதும் காட்டின் மேல் இல்லை. உள்நாட்டுப் போரால் நடை தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தபோது, வழியிலிருந்த கோயில்களே தங்கல் வரிசையை நினைவில் வைத்திருந்தன. அதே இலங்கையில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் நடந்த பழைய தடங்களைக் கோத்து 300 கிலோமீட்டருக்குப் பீக்கோ டிரெயில் என்று அண்மையில் திறந்திருக்கிறார்கள். அது சுற்றுலாவுக்கானது, இரவுக்கு விடுதி வாடகை உண்டு. எனக்குக் கதிர்காமப் பாதையே பெரிதாகத் தெரிகிறது.

நம் பக்கமும் நடப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்து இருக்கன்குடி மாரியம்மனுக்கும், திருச்செந்தூருக்கும் இந்த மாவட்டத்து ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பையின் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டி, நான்குவழிச் சாலையின் ஓரத்தில், லாரிக் காற்று முகத்தில் அடிக்க. பழனிக்குப் போகும் சாலையில் அரசு தனி நடைமேடை போட்டுத் தந்தது. அது உயிர் காக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மோட்டார் சாலைக்குப் பக்கத்தில் நடப்பவனை ஒதுக்கிவிடும் ஏற்பாடு அது. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த நடையெல்லாம் கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, ஆற்றுமணல் வழியாகத்தான் நடந்தது. மதுரையிலிருந்து குமரிக்கு ராணி மங்கம்மாள் போட்டதாகச் சொல்லப்படும் சாலையின் பெயரை இன்னும் பல ஊர்களில் ஒரு மண்பாதையைக் காட்டிச் சொல்கிறார்கள். சில வழிகளில் சுமைதாங்கிக் கல் மிச்சமிருக்கிறது. நிறுத்திய இரண்டு கல், அவற்றின்மேல் படுக்கையாக ஒன்று. தலைச்சுமையைக் குனியாமல், யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கும் உயரம். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது என்பார்கள். அந்தக் கல் நிற்கும் இடத்தில் இன்று பாதை இல்லாவிட்டாலும், ஒருகாலத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேண்டாம்.

பாதை எங்கே போயிற்று? பெரும்பாலும் எங்கும் போகவில்லை, தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் கிராம வரைபடமும் புலப்படங்களும் ‘அ’ பதிவேடும் உண்டு. வண்டிப்பாதை சில இடங்களில் தனிப் புல எண்ணோடு புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். சில இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இழுத்த கோடாக மட்டும் வரையப்பட்டிருக்கும். முதல் வகையை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்பது அரசின் கடமை. இரண்டாவதில்தான் சண்டை வரும். நிலம் என்னுடையது, கோடு மட்டும் எப்படி ஊருக்கு என்று கேட்பார் பட்டாதாரர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருபது ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு உரிமை தருகிறது. ஆனால் நடப்பதை நிறுத்திவிட்ட பாதைக்காக வழக்காட யார் வருவார்? டிராக்டரும் மொபெட்டும் வந்தபின் தார்ச்சாலை வழியே சுற்றிப் போவது எளிதாகிவிட்டது. வேலி ஒரு அடி நகரும், பிறகு இன்னொரு அடி. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் வண்டிப்பாதை வரப்பாகிவிடும்.

இங்கிலாந்தில் 1949இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஊர்ப் பொதுவழிகளை எல்லாம் ஊராரை வைத்தே கணக்கெடுத்து, அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றினார்கள். ஏறியது எவர் நிலத்தில் இருந்தாலும் பொதுவழி. அந்தப் பட்டியல் இருந்ததால்தான் 1965இல் பென்னைன் வே போன்ற நெடுவழிகளைத் திறக்க முடிந்தது. அமெரிக்கர்கள் நேர்மாறாகப் போனார்கள். 1921இல் பென்டன் மக்காய் என்பவர் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக ஒரு பாதை வேண்டுமென்று எழுதினார், தன்னார்வக் குழுக்கள் 1937இல் வெட்டி முடித்தன. பிறகு தனியார் நிலத்தில் அது அறுபடத் தொடங்கியதால் 1968இல் சட்டம் போட்டு நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கவேண்டி வந்தது. நமக்குப் பொருந்துவது முதல் வழி. வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரும் நாலு பெரியவர்களும் ஒரு நாள் நடந்து பார்த்தால் எது கிடக்கிறது, எது போனது என்று தெரிந்துவிடும்.

காரியாபட்டி வட்டாரத்தில் இன்னொரு வசதி கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும், அது நிறைந்து அடுத்ததுக்கு, கடைசியில் குண்டாற்றுக்கு. நீர் போன வழியே மேட்டில் கரை, கரைமேல் நடைதடம். கரை அரசு நிலம், யாரும் உரிமை கொண்டாட முடியாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு உண்டு. கருவேலத்தை வெட்டி, மடைக்கருகே ஒரு மரத்தை நிழலுக்கு வைத்தால் நடைவழி தயார். வடக்கிலிருந்து வரவிருக்கும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயும் (262 கிலோமீட்டர், 2021இல் அடிக்கல் நட்டது) முடிவது இந்த ஆற்றில்தான். கால்வாய்க்கரையில் ஜீப் போக வழி விடுவார்கள். அதில் மனிதன் நடக்கவும் ஒரு வரி அனுமதி எழுதுவதற்குக் கட்டுமானச் செலவு எதுவும் கிடையாது. கட்டி முடித்து வாயிற்கதவு பூட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.

குறுக்கே நிற்பவை நெடுஞ்சாலைகள். இந்த மண்ணில் தண்ணீரும் மாடும் மேற்கிலிருந்து கிழக்கே போகும். அரசு போடும் பெருஞ்சாலைகளோ வடக்கிலிருந்து தெற்கே: திருமங்கலம், விருதுநகர் வழியே ஒன்று, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடிக்கு ஒன்று. நடுத்திட்டுச் சுவர் வைத்தபின் நேரே கடக்க முடிந்த இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் சுற்றவேண்டியிருக்கிறது. ஓடைகளுக்காகக் கட்டிய குறுபாலங்களின் அடியில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் அதன்வழியேதான் மந்தையை ஓட்டுகிறார்கள். அடுத்த பாலத்தைக் கட்டும்போது ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கட்டுங்கள் என்பது பெரிய கோரிக்கை அல்ல.

பட்டாசு ஆலையும் கல்குவாரியும் வேறு வகைச் சிக்கல். 2024 மே 1 அன்று ஆவியூர் அருகே கடம்பன்குளம் பகுதிக் குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் ஆலைக்கும் குடியிருப்புக்கும் பொதுச்சாலைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டுமென்று வகுத்திருக்கின்றன. பதிவேட்டில் உயிரோடு இருக்கும் பாதைக்கு அந்தத் தூரத்தைக் கேட்க முடியும், செத்துப்போன பாதைக்குக் கேட்க நாதியில்லை. நடைவழியைப் பதிவில் வைத்திருப்பது பொழுதுபோக்குக்காரர்களின் ஆசை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இன்னும் கடினமானது ஒன்று உண்டு, அதைப் பேசாமல் தென்மாவட்டத்தில் பாதையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. இங்கே எந்தப் பாதையும் வெறும் பாதை அல்ல. யார் எந்தத் தெரு வழியாகப் போகலாம், சவம் எந்த வரப்பில் போகவேண்டும், சுடுகாட்டுப் பாதையை யார் அடைத்தார் என்பதற்கெல்லாம் அமைதிப் பேச்சுவார்த்தைகள் நடந்துகொண்டிருக்கும் மண் இது. ஒரு வழியை எல்லோருக்குமான பொதுவழி என்று அறிவித்துக் கல் நட்டால், சிலருக்கு அது உரிமை, சிலருக்கு உறுத்தல். சுற்றுலாத்துறைப் பலகையின் மேல் இந்தச் சச்சரவு எழுதப்பட்டிருக்காது. ஊர்க் கூட்டத்தில்தான் எழும், அங்கேதான் தீரவும் வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்டிய பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. பறவைக்காக ஒப்ப முடிந்த ஊர் மனிதனுக்காக ஒப்புமா என்பது இன்னும் கடினமான பரீட்சை.

எங்கே தொடங்கலாம்? மலையிலும் வேண்டாம், கடலிலும் வேண்டாம். குரண்டியிலிருந்து குண்டாற்றைப் பிடித்துத் திருச்சுழி, பள்ளிமடம் வரை இரண்டு நாள் நடையைக் கோத்துப் பார்க்கலாம். ஒரு முனையில் மறைந்துபோன சமணப் பள்ளி, மறுமுனையில் அதன் கல்வெட்டு. இடையில் கண்மாய்க்கரைகள், திருமேனிநாதர் கோயில், 1879 டிசம்பரில் ரமணர் பிறந்த வீடு. மதுரையில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமை நடை, யானைமலையைக் காக்க 2010இல் எழுந்த போராட்டத்தையொட்டிக் கிளம்பியது. தொல்லியல் அறிஞர்களோடு நூற்றுக்கணக்கானோர் ஞாயிறு காலையில் குன்றுகளுக்கு நடக்கிறார்கள். அடிவாரத்து ஊர்க்காரர்கள் அந்தக் குன்றைத் தங்களுடையதாக மறுபடி பார்க்கத் தொடங்கியது அதன் பெரிய பலன் என்பேன். பசுமை நடையினர் ஒருமுறை குரண்டிக்கும் வரலாம். தை, மாசி மாதங்கள் தோது. அறுப்பு முடிந்து வயல் காலியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ராத்தங்கலுக்குக் கோயில் மண்டபமும் பள்ளிக்கூடத் திண்ணையும் போதும். சாப்பாட்டை ஊர்ப் பெண்களின் சுயஉதவிக் குழு சமைத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். அன்று கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும். பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களோடு, எங்கள் ஊர் வண்டிப்பாதையை அளந்து கல் நட்டுத் தரவேண்டும் என்று புல எண்ணைக் குறித்து ஒரு மனுவும் கொடுக்கலாம். குரண்டியிலிருந்து ஒன்று, அடுத்த கிராமத்திலிருந்து ஒன்று, ஆற்றங்கரையோடு ஊருக்கு ஒன்றாகத் திருச்சுழி வரை. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வரிசை எண் போட்டுத்தான் வாங்குவார்கள்.